கழனிப் பானையைக் கவிழ்த்தவன்

1

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியை மட்டும் எடுக்காமல் வண்டி போய்விட்டது. ஜெர்மனிக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. எத்தனையோ விண்ணப்பங்கள் எனக்குத் திரும்பி வந்திருக்கின்றன. குப்பை திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை.

இங்கே சமையலறைக் கழிவுக்கென்று பழுப்பு நிறத்தில் தனித் தொட்டி உண்டு. காய்த்தோல், மிச்சச் சோறு, காபித் தூள் எல்லாம் அதில் போடலாம். பிளாஸ்டிக் மட்டும் கூடாது. எங்கள் தொட்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. 'பிளாஸ்டிக்' என்ற கட்டத்தில் ஒரு குறி. அதற்குக் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்: சமைத்த உணவு, அதிக அளவில்.

அதிக அளவுதான். முந்தைய நாள் என் அக்காவின் முதல் வருஷத் திதி. வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, வடை, பாயசம் என்று அவளுக்குப் பிடித்ததையெல்லாம் காலையிலிருந்து நின்று சமைத்தேன். மூன்று குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தேன். திதி திங்கட்கிழமையில் விழுந்தால் இங்கே யார் லீவு போட்டுவிட்டு வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. காக்கைக்குப் பால்கனியில் இலை போட்டு வைத்தேன். பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று எங்கள் குடியிருப்பு வாசலில் பலகை இருக்கிறது. காக்கைகளும் அதைப் படித்திருக்கும் போல, அவையும் வரவில்லை.

சாயங்காலம் எல்லாவற்றையும், இலையோடு சேர்த்து, ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுத் தொட்டியில் தள்ளினேன். தனித்தனியாகப் பிரிக்கத் தெரியாமல் இல்லை. இந்தக் குடியிருப்பில் குப்பை பிரிப்பதைப் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான். அன்றைக்கு அந்தச் சோற்றைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மாள், "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"மூன்று பேர்."

"மூன்று பேருக்கு இவ்வளவு உணவா?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. எதிரே ஒரு படிவம் இருந்திருக்கும், அதை நிரப்புவதற்காகக் கேட்டார். திதிக்கும் படையலுக்கும் ஜெர்மனில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "என் அக்காவுக்காகச் சமைத்தது" என்றேன்.

"அப்படியானால் நான்கு பேர்" என்று அவர் திருத்திக்கொண்டார்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அக்கா இங்கே வந்ததில்லை. இப்போது இந்த ஊர்க் குப்பை அலுவலகத்தின் கணினியில் எங்கள் வீட்டில் நான்காவது ஆளாக இருக்கிறாள்.

2

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்வாசல் தெருவில், கொல்லைக் கதவு பின்னால் ஒரு சந்தில். முன்வாசல் வழியாகப் பட்டு நூல் வரும், போகும். மற்ற மனுஷர்கள் எல்லாரும் கொல்லைக் கதவு வழியாகத்தான்.

புஷ்பா அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அக்காவுக்குக் கல்யாணமான நாலாவது வருஷமே மாமாவும் போய்விட்டார். குழந்தை இல்லை. திரும்பி வந்து அப்பாவுக்கும் எனக்கும் சோறு பொங்கிப் போட்டாள். அக்கம்பக்கத்துத் தறிகளுக்குப் பட்டு நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தாள். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிச்சச் சோறு எல்லாம் அதற்குள் போகும். அதற்குப் பெயர் கழனிப் பானை. காலை பத்து மணிக்குக் கன்னியம்மா வருவார். இரண்டு பசு வைத்திருக்கிறார், இரண்டு தெரு தள்ளி வீடு. கையில் ஒரு பெரிய வாளி.

"யக்கா! கழனி!"

அக்கா தாழ்ப்பாளைத் திறப்பாள். கன்னியம்மா பானையை வாளியில் கவிழ்த்துக்கொண்டு, கழுவி வைத்துவிட்டு, படியில் உட்காருவார். அக்கா மோர் கொடுப்பாள். இருவரும் முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பசு கன்று போட்டால் முதல் சீம்பால் கழனி கொடுக்கிற வீடுகளுக்கு வரும். இதற்குக் காசு பணம் கிடையாது. கேட்டால் இருவருமே கோபித்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல், எழுந்து கதவைத் திறக்க முடியவில்லை. கன்னியம்மா கூப்பிட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் சுவரேறிக் குதித்து உள்ளே வந்துவிட்டார். மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, கழனியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாராம்.

"இந்த வயசுல செவுரு ஏறிக் குதிக்கிறாடா குமாரு. கால ஒடச்சிக்கினா யாரு பாக்கறது?" என்று அக்கா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

3

உணவை வீணாக்கக் கூடாது என்ற ஞானம் எனக்கு வந்தது கொள்கையால் அல்ல, வெட்கத்தால். வந்த முதல் மாதம் அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் எனக்கு இன்னொரு கரண்டி வைக்க வந்தார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லப் போய், நான் நிறைந்துவிட்டேன் என்று ஜெர்மனில் சொன்னேன். இங்கே அதற்குக் குடித்திருக்கிறேன் என்று பொருளாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேஜையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து யாரிடமும் பேச வேண்டிய தேவையில்லாதபடி கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, துடைத்த மாதிரித் தட்டைக் காலி செய்தேன். 'பாருங்கள், இந்தியர் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை' என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

பாராட்டு பொல்லாதது. சில வருஷங்களில் நான் வீட்டில் தராசு வைத்துக் கழிவை எடைபோடுகிற ஆளானேன். குளிர்பதனப் பெட்டியில் எது முன்னால், எது பின்னால் என்று சட்டம் போட்டேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு அலுத்து வருகிற என் மனைவி கலா, "ஒரு தக்காளி அழுகினா உலகம் அழிஞ்சிடாதுங்க" என்பாள். நான் கேட்கவில்லை. என் மகள் ஆதிரை கேட்டாள். அவளோடு எனக்குப் பேசப் பொதுவாக அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். கோயில், பண்டிகை, சொந்தக்காரர் பெயர்கள் எதுவும் அவள் மண்டையில் நிற்பதில்லை. தராசைச் சுற்றி மட்டும் நாங்கள் இருவரும் ஒரே பாஷை பேசினோம். அந்தச் சந்தோஷத்தில் நான் கொஞ்சம் அளவு மீறிப் போய்விட்டேன் என்று இப்போது தெரிகிறது.

4

அக்கா இறப்பதற்கு முந்தின டிசம்பரில் மூவரும் ஊருக்குப் போனோம். இரண்டாம் நாள் ஆதிரை கழனிப் பானையைக் கண்டுபிடித்தாள். எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, அத்தை ரொம்ப சாப்பாடு தூக்கிப் போடறாங்க" என்றாள் ஜெர்மனில்.

நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். சோறு மட்டுமே ஒரு ஆள் வயிறார உண்ணும் அளவுக்கு இருந்தது. அக்கா ஒருத்திக்கு ஒரு ஆழாக்கு அரிசி போதும், அவள் இரண்டு போட்டு வடிக்கிறாள்.

"யாருக்குக்கா இவ்ளோ சோறு?"

"யாராச்சும் வந்தா போட வேணாமா?"

"யாரு வராங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "கன்னிமா வரா."

"அவங்க சாப்பிடறதில்லையே, மாட்டுக்குத்தானே எடுத்துக்கினு போறாங்க?"

"மாடு மட்டும் இன்னா, வயிறு இல்லாததா?"

வாதத்தில் நான் தோற்கவில்லை. படித்தவன் தோற்க மாட்டான். அரிசி விளைய எவ்வளவு தண்ணீர், எரிவாயு எவ்வளவு, சந்தில் ஈ எவ்வளவு என்று அடுக்கினேன். ஒரு ஆளுக்கான சின்ன மின்சார குக்கர் வாங்கி வந்தேன். அளவுக் குவளையில் ஒரு கோட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். காய்த்தோலை உரமாக்க மொட்டை மாடியில் மூடி போட்ட வாளி வைத்தேன். குக்கரில் கஞ்சி வடிக்கிற வேலையே இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாடிச் செடிக்கு. ஆதிரை குதூகலமாக என்னோடு ஏறி இறங்கி எல்லாவற்றுக்கும் படம் வரைந்து ஒட்டினாள். அத்தையும் மருமகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

அக்கா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. "நீ சொன்னா சரிதாம்பா" என்றாள். நாங்கள் கிளம்பும் நாளில் பானையைக் கழுவி, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நானே கவிழ்த்து வைத்தேன். ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட திருப்தி எனக்கு.

அன்று காலை பத்து மணிக்குக் கன்னியம்மா வந்தார். வெறும் வாளியோடு படியில் நின்றார். "தம்பி, வெளிநாட்டுக்காரரு, வீட்ட பளபளன்னு ஆக்கிட்டீங்க" என்றார். நான் அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

5

அடுத்த சில மாதங்களில் அக்காவின் பேச்சில் கன்னியம்மா மெல்ல மெல்லக் குறைந்துபோனார். ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரா என்றாள். பிறகு எப்பவாச்சும் வரா என்றாள். மாசியில் ஒரு நாள், "கன்னிமா மாடு கன்னு போட்டுச்சாம். எதிர்வீட்டுக்குச் சீம்பால் வந்துச்சி. நமக்கு வர்ல" என்றாள்.

"கடையில பால்கோவா வாங்கிச் சாப்பிடுக்கா. நான் காசு அனுப்பறேன்."

"சீம்பாலுக்காடா நான் சொல்றேன்?" என்றாள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. எனக்கு வேறு தலைவலி இருந்தது. அந்த மார்ச்சில்தான் ஜெர்மன் குடியுரிமை வந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பி ஒப்படைத்துவிட்டேன். விசா இல்லாமல் ஊருக்கு வர ஓ.சி.ஐ. அட்டை வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினேன்.

மே மாதம் ஆதிரையின் பள்ளியில் ஒரு திட்டம் கொடுத்தார்கள். மூன்று வாரம் வீட்டில் வீணாகும் உணவை எடைபோட்டுத் தினமும் ஒரு பெரிய தாளில் எழுத வேண்டும். இரண்டு வீடுகளை ஒப்பிட்டால் இன்னும் நல்லது. ஆதிரை எங்கள் வீட்டையும் அத்தை வீட்டையும் எடுத்துக்கொண்டாள். கட்டம் போட்டாள். எங்கள் வரிசையில் கிராம் கணக்கு. அத்தை வரிசையில் பூஜ்யம் வந்தால் அந்தக் கட்டத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னச் சூரியன்.

தினமும் சாயங்காலம் அக்காவின் குரல் வாட்ஸாப்பில் வரும். "ஆதிக் கண்ணு, இன்னிக்கி ஒண்ணுமே மிச்சமில்ல. சைபர் போட்டுக்கோ." ஆதிரை அதை இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சூரியன் வரைவாள். சில நாள் அக்கா மறந்துவிடுவாள், அல்லது போனில் சார்ஜ் இருக்காது. ஆதிரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

"செய்தி வரலைன்னா பூஜ்யம்னு எழுதிக்கோ கண்ணா" என்று நான் சொன்னேன். "அத்தை வீட்டுல இனிமே மிச்சம் எங்க இருக்கப் போவுது?"

6

கருட சேவை அன்று காஞ்சிபுரத்தில் விடிவதற்குள் தெருக்கள் காலியாகிவிடும். ஊரே பெருமாள் பின்னால் போய்விடும். ஆதிரையின் திட்டத்தில் கடைசி வாரம், அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். அக்கா முழங்காலை வைத்துக்கொண்டு போகவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் சேவை முடிந்து வந்து, அன்று மத்தியானமே கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்விட்டார்கள். ஒரு பக்கத்து வீடு பட்டுக் கடையின் கிடங்கு. இன்னொன்று பூட்டிக் கிடந்தது.

வியாழன் சாயங்காலம் அக்காவின் குரல் வரவில்லை. கோயிலுக்குப் போய் அலுத்துப் படுத்திருப்பாள் என்று நினைத்தேன். வெள்ளியும் வரவில்லை. ஆதிரை தாளைச் சுருட்டி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போன் அடித்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. வாலாஜாபாத்தில் இருக்கும் பெரியப்பா மகன் சரவணனைக் கூப்பிட்டேன். அவன் பைக்கில் போய், முன்கதவை உடைத்து உள்ளே போனான். அக்கா கொல்லைக் கதவருகே கிடந்தாள். வியாழக்கிழமை காலையில் விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தம் கட்டியிருந்தது. பேச முடியவில்லை, உயிர் மட்டும் இருந்தது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சனிக்கிழமை காலை போய்விட்டாள்.

என்னால் உடனே கிளம்ப முடியவில்லை. என் சோம்பலால் அட்டை இல்லை, அவசர விசாவுக்கு அலைந்தேன். இறந்தவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று படிவம் கேட்டது. சகோதரி என்று எழுதினேன். அம்மா என்று எழுதியிருக்க வேண்டும். மகன் என்றால் சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக அல்ல. அதுதான் உண்மை. நான் போய்ச் சேர்ந்தபோது சரவணன் கொள்ளி வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கூடத்தில் உட்கார்ந்து சரவணன் எல்லாவற்றையும் சொன்னான். "குக்கர்ல அந்தச் செவப்பு ஸ்டிக்கர் அளவுக்குப் போட்ட சோறுண்ணா. கரெக்டா ஒரு ஆளு சாப்பாடு. தொடவே இல்ல."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். கன்னியம்மா. கையில் வாளி இல்லை. படியில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். நான் மோர் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் மோர் இல்லை.

"இங்கதான் கெடந்தாங்களாமே தம்பி" என்று கதவின் கீழ்ப்பக்கத்தைத் தொட்டார். "நான் வர்ற கதவாண்ட."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நானா வராம நிக்கல. நீ தப்பா நெனச்சிக்காத. நம்ப அக்காதான் சொன்னாங்க. ஒண்ணுமில்லாத வீட்டுக்கு நீ எதுக்குக் கன்னிமா அவ்ளோ தூரம் நடந்து வர்ற, கால் வலின்றியேன்னாங்க. நான் சும்மாவாச்சும் வரேன்க்கான்னேன். வேணாம், உனக்குன்னு மறுபடியும் ரெண்டு ஆழாக்கு போட்டுடப் போறேன், தம்பிக்குத் தெரிஞ்சா கோச்சிக்கும்னாங்க."

தம்பி கோபித்துக்கொள்வான். அக்கா என்னைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறாள். என்னை வளர்த்தவள், என் கோபத்துக்குப் பயந்து ஒரு மனுஷியை வராதே என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் கோச்சிக்க மாட்டேன்மா" என்றேன், அபத்தமாக, யாரிடமோ.

"அது எனக்குத் தெரியும் தம்பி. அக்காவுக்குத்தான் தெரியல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கெழம கூட அந்தச் சந்து வழியாத்தான் போனேன். எதிர்வீட்டுக் கழனிய எடுத்துக்கினு. நம்ப கதவு மூடிக் கெடந்துச்சி. தட்டலாமான்னு கை போச்சி. இன்னாத்துக்குத் தட்றது? பான கவுந்து கெடக்குது."

பிறகு எழுந்து, சமையலறைக்குப் போய், மூலையில் இன்னும் மூடியபடி இருந்த குக்கரைத் திறந்தார். ஆறேழு நாளான சோறு புளித்துப் பூத்திருந்தது. முகம் சுளிக்காமல் ஒரு பாத்திரத்தில் கொட்டிக்கொண்டார்.

"அத மாட்டுக்குப் போடாதீங்கம்மா, கெட்டுப்போச்சு."

"மாட்டுக்கில்ல. எருக்குழியில போடறேன். அக்கா கையால பொங்கனது, சாக்கடையில போவக் கூடாது."

அன்றைக்கும் அந்த வீட்டில் எதுவும் வீணாகவில்லை. கன்னியம்மா போன பிறகு கொல்லைக் கதவைச் சாத்தி, அக்கா கிடந்த இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து தாழ்ப்பாள் எட்டவில்லை. ஆனால் சந்தில் நடப்பவர்களின் செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வியாழக்கிழமை பத்து மணிக்குக் கன்னியம்மாவின் செருப்புச் சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கும். அதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இதை நான் கலாவிடம் மட்டும் சொன்னேன். அவளுடைய முதியோர் இல்லத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டிப் பார்ப்பார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

7

குப்பை திரும்பி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, வேலையிலிருந்து வந்ததும் பழுப்புத் தொட்டிக்குள் குனிந்து பையை எடுத்தேன். முடிச்சை அவிழ்த்து, சோறு தனி, இலை தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்தேன். வடை ஊறிப் போயிருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேல்மாடிக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் வந்தால் ஆதிரை தரையில் அந்தப் பெரிய தாளை விரித்து வைத்திருந்தாள். போன வருஷத் திட்டத் தாள். பள்ளியில் அதைக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். அத்தை வீடுதான் சிறந்த வீடு என்று சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை நான் அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டேன். இப்போது புதுப் பள்ளியிலும் இதே மாதிரிப் பாடமாம், தேடி எடுத்துவிட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. அத்தை விழுந்தாள், ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

நான் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அத்தைக்கு நேத்துதானே சாமி கும்பிட்டோம். ஆனா போன வருஷம் அந்தத் தேதி இல்லையே?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"திதி தேதியப் பாக்காதுடா கண்ணா. நிலாவைப் பாக்கும்."

"அப்போ அத்தை விழுந்தது எந்த நாள்?"

"கருட சேவை அன்னிக்கு" என்றேன். கையிலிருந்து எண்ணெய் போகவில்லை, இன்னும் சோப்புப் போட்டேன். "வியாழக்கிழமை காலையில. வெள்ளிக்கிழமை ராத்திரிதான் சரவணன் சித்தப்பா போய்ப் பார்த்தாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். அவள் விரல் தாளின் மேல் ஊர்ந்து கடைசி வாரத்துக்குப் போய், வியாழக்கிழமையில் நின்றது. பூஜ்யம். சூரியன். பக்கத்தில் வெள்ளிக்கிழமை. பூஜ்யம். சூரியன். வெள்ளிக்கிழமைச் சூரியனுக்குச் சிரிக்கிற வாய்கூடப் போட்டிருந்தாள்.

ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பிறகு, எனக்காகவோ அத்தைக்காகவோ, தமிழில் சொன்னாள். "நான் சூரியன் வரைஞ்சேன் அப்பா. ரெண்டு நாளும்."

"நான் எழுதச் சொன்னேன். நீ எழுதினே. உன் மேல ஒண்ணும் இல்ல."

"செய்தி வரலைன்னா பூஜ்யம்னு சொன்னீங்க."

"ஆமாம்."

"செய்தி வரலைன்னா போன் பண்ணியிருக்கலாமே?"

ஒரு வருஷமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். சரவணன் கேட்கவில்லை, கலா கேட்கவில்லை, கன்னியம்மா கேட்கவில்லை. எல்லாரும் பெரியவர்கள்.

"பண்ணியிருக்கலாம்" என்றேன்.

அவள் ஓடிப்போய் ரப்பர் எடுத்து வந்தாள். பேனா மை போகவில்லை. அழுத்தித் தேய்த்ததில் தாள் கிழியப் பார்த்தது. அழுதுகொண்டே தேய்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, அவள் பேனாவை வாங்கி, இரண்டு பூஜ்யங்களையும் அடித்தேன். சூரியன்களை அடிக்கக் கை வரவில்லை. அவற்றுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன். ஜெர்மனில் எழுதியிருந்தால் அவளுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். தமிழில் எழுதினேன். அதுவும் கோழைத்தனம்தான்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி.

"அப்... பா... போன்... செய்... ய... வில்... லை."

பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"சரியாப் படிச்சேனா, அப்பா?"

"சரியாப் படிச்சே" என்றேன்.